பருத்திக்கு விலை வைப்பது யார்?

மாசி, பங்குனி மாதங்களில் கரிசல் பூமியில் பருத்தி எடுப்பு முடிந்து மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கும் கமிஷன் மண்டிக்கும் வந்து சேருகின்றன. வியாபாரி ஒரு பிடி பஞ்சை எடுத்து, இழுத்துப் பார்த்து, "மார்க்கெட் மந்தமாக இருக்கிறது" என்று ஒரு விலை சொல்கிறார். விதை தேர்ந்தெடுத்தது, களை எடுத்தது, பூச்சி மருந்துக்குக் கடன் வாங்கியது எல்லாம் விவசாயியின் பொறுப்பு. விலை மட்டும் அவர் கையில் இல்லை. வியாபாரியின் கையிலும் அது முழுவதாக இல்லை. நூற்பாலை கேட்கும் விலையைப் பார்த்து அவர் சொல்கிறார். ஆலையோ நூல் போகும் விலையையும் வெளிநாட்டுப் பஞ்சின் விலையையும் பார்க்கிறது. இப்படியே போனால் நியூயார்க் பருத்திச் சந்தை வரை வழி நீள்கிறது.

இந்த வழி இன்று நேற்று போடப்பட்டதல்ல. அதற்கு ஏறத்தாழ இருநூறு வயது. முதலாளித்துவம், ஏகாதிபத்தியம் என்ற சொற்களை மேடைகளில் கேட்டிருக்கும் விவசாயிக்கு, அவற்றின் பொருளைப் பருத்தியைப் போல் தெளிவாகக் காட்டும் சரக்கு வேறில்லை. முதல் போட்டு, கூலிக்கு ஆள் வைத்து, லாபத்திற்காகச் சரக்கு செய்து விற்பது முதலாளித்துவம். அந்த முதலுக்கு வேண்டிய கச்சாப் பொருளையும், செய்த சரக்கிற்கு வேண்டிய சந்தையையும் மற்றொரு நாட்டின் மீது அதிகாரம் செலுத்திப் பெற்றுக்கொள்வது ஏகாதிபத்தியம். இதில் லாபம் பெற்றது பணக்கார நாடு, நஷ்டப்பட்டது ஏழை நாடு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். பணக்கார நாட்டிலும் தறியடியில் நின்றவனின் கணக்கைப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும்.

லங்காஷயரின் எழுச்சி

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காஷயர் பகுதியில் ஒரு பருத்திச் செடிகூட விளையாது. ஆனாலும் 19-ம் நூற்றாண்டில் உலகின் பெரும் நெசவுக் களம் அதுதான். மாஞ்செஸ்டர், ஓல்டாம், பிளாக்பர்ன் முதலிய ஊர்கள் அங்கே உள்ளன. இந்தியத் துணி தங்கள் நாட்டில் வந்து குவியாதபடி 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்த நாடு, இயந்திரம் கைக்கு வந்த பிறகு, தன் துணிக்கு இந்தியாவின் கதவைத் திறந்துவிட்டது. டாக்கா மஸ்லின் நெய்தவர்கள் தொழில் இழந்த கதை பலருக்கும் தெரியும்.

அதே விசைத்தறி இங்கிலாந்துக் கைத்தறி நெசவாளரையும் விட்டுவைக்கவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1820-களில் பிரிட்டனில் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர் பருத்திக் கைத்தறியில் இருந்தனர். 1860-களின் தொடக்கத்தில் மிஞ்சியவர்கள் சில ஆயிரம் பேரே. ஒரு தலைமுறைக் காலம் கூலி குறைந்துகொண்டே வந்து, பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பிக் குடும்பத்தை ஓட்டிய நெசவாளர்கள் அவர்கள். 9 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைப் பஞ்சாலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1833-ல் சட்டம் செய்யவேண்டி வந்தது என்றால், அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்தது. அங்கே பருத்தி எடுத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் சந்ததியாரும். 1860-ல் அமெரிக்காவில் இருந்த அடிமைகளின் எண்ணிக்கை சுமார் 40 லட்சம். கூலியே இல்லாத உழைப்பில் விளைந்த பஞ்சு, அரை வயிற்றுக் கூலியில் நூலாகி, அதிகாரத்தால் திறக்கப்பட்ட சந்தையில் துணியாக விற்றது. லங்காஷயரின் செல்வம் என்று சொல்லப்பட்டது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

பஞ்சு நின்றது, அடுப்பும் நின்றது

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை ஒழிக்கும் நோக்கமும் பின்னர் இந்தப் போரில் சேர்ந்துகொண்டது. வட மாநிலங்களின் கப்பற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டதால் பஞ்சு வரவு நின்றுபோயிற்று. லிவர்பூல் துறைமுகத்தில் அமெரிக்கப் பஞ்சின் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1862 இறுதியில் லங்காஷயரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 5 லட்சம் பேர் தர்மக் கஞ்சியை நம்பி இருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போருக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் ஆலைகள் அளவுக்கு மீறி நெய்துவிட்டதால் கிடங்குகளில் துணி தேங்கிக் கிடந்தது. பஞ்சு தடைப்படாவிட்டாலும் ஆலைகளில் வேலை குறைந்திருக்கும். பஞ்சு நின்றதும் தேங்கிய சரக்கிற்கு விலை ஏறிவிட்டது. பஞ்சும் துணியும் கையிருப்பு வைத்திருந்த பெரிய முதலாளிகள் ஆலையை மூடிவிட்டு இருப்பை விற்றே லாபம் பார்த்தனர். சிறு ஆலைக்காரர்கள் நொடித்தார்கள். தொழிலாளிக்கு விற்க என்ன இருந்தது? வீட்டுப் பண்ட பாத்திரங்களையும் கட்டிலையும் விற்றார்கள்.

அமெரிக்கப் பஞ்சுக்கு மாற்றாக வந்தது இந்தியப் பஞ்சு. சூரத் பஞ்சு என்று அதற்குப் பெயர். இழை குட்டை; தூசியும் கொட்டைத் துண்டும் கலந்திருக்கும். நீண்ட இழைக்கென்று அமைக்கப்பட்ட இயந்திரத்தில் நூல் அடிக்கடி அறுந்தது. நூற்ற அளவுக்குக் கூலி என்பதால், அறுந்த நூலை ஓயாமல் முடிச்சுப் போட்டவனுக்கு வருமானம் பாதியாயிற்று. பஞ்சு வேண்டும் என்று ஆண்டவனைத் தொழுதவர்கள் கூடவே சூரத் பஞ்சு மட்டும் வேண்டாம் என்றும் கேட்டார்களாம். நம் நாட்டுப் பஞ்சின் பெயர் அங்கே ஒரு வசைச்சொல்லாயிற்று. அதை விளைவித்தவன் படும் பாடு அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பட்ட பாடு இவனுக்கும் தெரியாது.

1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊரில் உதவித்தொகையைக் குறைத்து, காசுக்குப் பதில் கடைச்சீட்டாகக் கொடுக்கப் போனபோது கலகம் மூண்டது, கடைகள் சூறையாடப்பட்டன. படை வந்தது. பின்னர் வேலையற்ற நெசவாளர்களைக் கல் உடைக்கவும் சாலை போடவும் அனுப்பினார்கள். பஞ்சகாலத்தில் இந்தியாவில் நடந்த நிவாரண வேலையும் இதுவே.

அப்படிப்பட்ட நிலையிலும் மாஞ்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 டிசம்பர் 31-ம் தேதி கூட்டம் கூடி, அடிமை முறையை ஒழிக்கும் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்து அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். 1863 ஜனவரி 19-ம் தேதி லிங்கன் நன்றி கூறிப் பதில் எழுதினார். அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து மாவு பீப்பாய்கள் ஏற்றிய கப்பல் ஒன்று லிவர்பூல் வந்தது. லங்காஷயரில் எல்லோருமே இந்த எண்ணம் கொண்டவர்கள் அல்ல. முற்றுகையை உடைத்துப் பஞ்சு கொண்டுவர வேண்டும் என்றவர்களும் உண்டு. பட்டினி கிடந்தவர்களை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

தக்காணத்தில் வந்த விலையும் போன விலையும்

இங்கிலாந்தின் பஞ்சம் இந்தியாவில் விலையேற்றமாக வந்தது. பம்பாய் மாகாணத்திலும் பேராரிலும் சோளம் விளைந்த நிலம் பருத்திக்கு மாறிற்று. திருநெல்வேலிச் சீமைப் பருத்தியும் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. விவசாயி கையில் வெள்ளி ரூபாய் புழங்கிற்று. வண்டிச் சக்கரத்துக்கு வெள்ளிப் பட்டை கட்டினார்கள் என்று கதைகூட வழங்கிற்று. ஆனால் பெரும் பணம் குவிந்தது பம்பாய் வியாபாரிகளிடமும் ஏற்றுமதிக் கம்பெனிகளிடமும். அந்தப் பணம் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளில் சூதாட்டமாக ஓடியது.

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிந்தது. செய்தி வந்ததும் பஞ்சு விலை சரிந்தது. ஜூலை மாதம் பம்பாயில் பாங்குகளும் கம்பெனிகளும் மளமளவென்று விழுந்தன. லங்காஷயர் பழையபடி அமெரிக்கப் பஞ்சுக்குத் திரும்பத் தொடங்கிற்று.

விவசாயியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. நல்ல விலை இருந்தபோது லேவாதேவிக்காரர்கள் கேட்டதற்கு மேல் கடன் கொடுத்தார்கள். கிணறு வெட்டினார்கள், மாடு பிடித்தார்கள், கல்யாணம் செய்தார்கள். பூனா ஜில்லாவில் பருத்தி அவ்வளவாக இல்லை. ஆனாலும் வண்டிச் சத்தமும், தானிய விலையும், தாராளமாகக் கிடைத்த கடனும் அங்கேயும் போய்ச் சேர்ந்தன. விலை போன பிறகு கடன் மட்டும் நின்றது. போதாக்குறைக்கு, விலை உச்சத்தில் இருந்த காலத்தை ஒட்டி, 1867 முதல் சர்க்கார் நிலவரியைத் திருத்தி உயர்த்தியது. வரி கட்டப் பழைய ஆளிடமே மீண்டும் கடன். அவரோ புதுப் பத்திரம் எழுதினால்தான் தருவேன் என்றார். எழுத்தறியாத விவசாயி அதில் கைநாட்டு வைத்தார். பத்திரம் கோர்ட்டுக்குப் போனால் நிலம் போயிற்று.

1875 மே 12-ம் தேதி பூனா ஜில்லா சூபே என்ற சந்தை ஊரில் விவசாயிகள் திரண்டு லேவாதேவிக்காரர்களின் கடைகளில் புகுந்தார்கள். அவர்கள் தேடியது பணத்தை அல்ல, பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும்தான். கிடைத்தவற்றைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஆட்களை அடித்தது மிகக் குறைவு. கலகம் அகமத்நகர் ஜில்லாவுக்கும் பரவிற்று. விசாரணைக் கமிஷன் வைத்த பின் 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. ஸ்டேலிபிரிட்ஜில் கடை உடைந்ததற்கும் சூபேயில் பத்திரம் எரிந்ததற்கும் இடையே 12 ஆண்டும் ஒரு பெருங்கடலும் இருந்தாலும், இரண்டுக்கும் மூலம் லிவர்பூல் விலைப் பலகைதான்.

எகிப்தில் இன்னும் மோசம். பருத்தி விலையை நம்பி அந்நாட்டு அரசர் ஐரோப்பிய பாங்குகளில் கடன் வாங்கினார். 1876-ல் நாடே திவாலாயிற்று. 1882-ல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. அமெரிக்காவிலோ விடுதலை பெற்ற அடிமைகளில் பெரும்பாலோர் பழைய எஜமானர்களின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டு, விளையப்போகும் பருத்தியைக் கடைக்காரரிடம் அடமானம் வைத்துச் சாமான் வாங்கி, தலைமுறை தலைமுறையாகக் கடனில் கிடந்தார்கள்.

சாம்ராஜ்யத்தால் தொழிலாளிக்குப் பயன் இல்லையா?

லங்காஷயர் தொழிலாளிக்குச் சாம்ராஜ்யத்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்வது சரியாகாது. 1913-ல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த சுமார் 700 கோடி கெஜம் துணியில் 300 கோடி கெஜம் அளவுக்கு இந்தியாவுக்கே வந்தது. அந்த வேலை லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. சங்கம் வைத்துப் போராடி அவர்கள் கூலியையும் உயர்த்திக்கொண்டார்கள். இந்திய ஆலைகள் தலையெடுத்தபோது, இறக்குமதித் துணிக்கு உள்ள வரிக்கு ஈடாக இந்திய ஆலைத் துணிக்கும் 1896-ல் 3.5 சதவிகித வரி போடப்பட்டது. லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலால் வந்த வரி இது. அங்குள்ள தொழிலாளிகளும் அதை எதிர்க்கவில்லை. 1925 இறுதியில்தான் அது நிறுத்தப்பட்டது. தன் வேலை காப்பாற்றப்பட வேண்டும் என்ற நியாயமான கவலையே, மற்றொரு நாட்டுத் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதற்குத் துணைபோகச் செய்துவிடுகிறது.

ஆனால் முதலுக்குப் பிறந்த ஊர்ப் பாசம் கிடையாது. ஓல்டாமில் நூற்பு இயந்திரம் செய்த பிளாட் சகோதரர்கள் கம்பெனி பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் தயங்காமல் இயந்திரம் விற்றது. ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1885-ல் பாபநாசத்தில் தாமிரபரணி நீர் விசையைக் கொண்டு நூற்பாலை நிறுவினார்கள். பஞ்சு பக்கத்திலேயே விளைகிறது, கூலியும் குறைவு என்பதுதான் கணக்கு. அவர்களுடைய தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி இறுதியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் முயற்சியால் வேலைநிறுத்தம் நடந்து, கூலி உயர்வும் வாராந்திர விடுமுறையும் கிடைத்தன. லங்காஷயரில் கூலி ஏறினால் முதல் தூத்துக்குடிக்கு வருகிறது. தூத்துக்குடியிலும் அதே போராட்டம் நடக்கவேண்டியிருக்கிறது.

1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றிருந்த காந்தியடிகள் லங்காஷயரில் டார்வென் என்ற நெசவு ஊருக்குப் போனார். அன்னியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்தவர்கள் வாழும் ஊர். கல்லெறி விழுமோ என்று அஞ்சியவர்களும் உண்டு. ஆலைப் பெண்களோ அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்தார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. உங்களில் வேலையில்லாதவர் 30 லட்சம், எங்கள் நாட்டிலோ ஆண்டில் பாதி நாள் வேலையில்லாதவர் 30 கோடி என்று அவர் கணக்குச் சொன்னார். உங்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 70 ஷில்லிங், எங்களவர் சராசரி வருமானம் மாதம் ஏழரை ஷில்லிங் என்றும் சொன்னார். அவர்களிடம் எதையும் மறைக்காமல், பகிஷ்காரத்தையும் கைவிடாமல் பேசியதுதான் அவர்களைக் கவர்ந்திருக்க வேண்டும்.

கொடி இறங்கியது, கணக்கு மாறவில்லை

சாம்ராஜ்யங்கள் போய்விட்டன. இப்போது நிர்ப்பந்தம் வேறு வழியில் வருகிறது. 2001-02-ல் உலகச் சந்தையில் பஞ்சு ஒரு ராத்தல் சுமார் 42 சென்ட்டுக்கு இறங்கியது. சுமார் 30 ஆண்டுகளில் அவ்வளவு மலிந்ததில்லை. அதே ஆண்டில் அமெரிக்க அரசு தன் நாட்டுப் பருத்தி விவசாயிகள் சுமார் 25 ஆயிரம் பேருக்கு 300 கோடி டாலருக்கும் மேல் மானியம் கொடுத்தது. விலை எவ்வளவு விழுந்தாலும் அவர்கள் விதைப்பைக் குறைக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, பர்கினா பாசோ, பெனின், மத்திய ஆப்பிரிக்காவில் சாட் ஆகிய நாடுகளில் ஓரிரண்டு ஹெக்டேரில் மாடு கட்டி உழுது பருத்தி போடும் குடும்பங்கள் அந்த விலைச் சரிவைத் தலையில் தாங்கின. 2003-ல் மெக்சிகோவின் கான்கன் நகரில் கூடிய உலக வர்த்தக மாநாட்டில் இந்த நான்கு நாடுகளும் மானியத்தை நிறுத்தும்படி கேட்டன. மாநாடு முடிவு காணாமல் கலைந்தது. பிரேசில் தனியே தொடுத்த வழக்கில் வென்றது. மானியத்தை உடனே நிறுத்துவதற்குப் பதிலாக, அமெரிக்கா 2010 முதல் பிரேசிலுக்கு ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு, 2014-ல் 30 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. வழக்காட வசதியுள்ள நாட்டுக்குப் பணம் கிடைத்தது.

மானியம் பெற்ற நாட்டின் ஆலைத் தொழிலாளியாவது நன்றாக இருந்தாரா? கான்கன் மாநாட்டுக்கு ஆறு வாரம் முன்பு, 2003 ஜூலை 30-ம் தேதி, வட கரோலினா மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்ற ஊரில் துவாலையும் படுக்கை விரிப்பும் நெய்த பில்லோடெக்ஸ் ஆலை மூடப்பட்டது. அம்மாநிலத்தில் மட்டும் ஒரே நாளில் 4,000 பேருக்கு மேல் வேலை இழந்தனர். ஆலைக்காகவே உருவான ஊர் அது. மருத்துவக் காப்பீடும் வேலையோடு போயிற்று. வேலை குறைந்த கூலி நாடுகளுக்குப் போனது. அங்கே என்ன கிடைத்தது என்பதற்கு வங்காள தேசத்தில் டாக்காவுக்கு அருகே உள்ள சவார் சாட்சி. 2013 ஏப்ரல் 24-ம் தேதி அங்கே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டு அஞ்சியவர்களை மறுநாள் வேலைக்கு ஏறச் சொல்லியிருந்தார்கள். தைத்துக்கொண்டிருந்தது மேல்நாட்டுக் கடைகளுக்கான உடை.

தமிழ்நாட்டு விவசாயிக்கு மிகச் சமீபத்திய உதாரணம் 2025-ல் கிடைத்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்ததால் திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கு ஆபத்து வந்தது. ஆலைகளுக்கு மலிவாகப் பஞ்சு கிடைக்கட்டும் என்று, மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவிகித வரியை ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை நீக்கியது. அடுத்த சில நாட்களிலேயே இந்தியப் பருத்திக் கழகம் தன் கையிருப்புப் பஞ்சின் விலையைக் குறைத்தது. திருப்பூர்த் தொழிலாளியின் வேலையைக் காக்க வேண்டியதுதான். அதற்கான செலவு பருத்தி விவசாயியின் கணக்கில் ஏன் எழுதப்பட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இருவரும் ஒரே குடும்பத்தில் இருப்பதும் உண்டு: தகப்பனார் மானாவாரியில் பருத்தி போடுகிறார், மகள் திருப்பூரில் பனியன் தைக்கிறாள்.

உலக விலை விழும்போது விவசாயிக்கு இப்போதைக்கு உள்ள ஒரே தடுப்பு, மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை. 2025-26 பருவத்துக்கு அது நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு ரூ.7,710, நீண்ட இழைக்கு ரூ.8,110 என்று அறிவிக்கப்பட்டது. இந்த விலைக்கு வாங்க வேண்டியது இந்தியப் பருத்திக் கழகம். ஈரப்பதம் 8 சதவிகிதம் வரை இருந்தால் முழு விலை. அதற்கு மேல் 12 சதவிகிதம் வரை விலையில் பிடித்தம் உண்டு. அதையும் தாண்டினால் வாங்குவதில்லை. பனி விலகிய பின் எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, கறைப் பஞ்சைத் தனியே பிரித்து, பல விவசாயிகள் ஒன்றுசேர்ந்து ஒரே லாரியில் கொண்டுபோனால், மண்டியில் "மந்தம்" என்று சொல்பவரிடம் அன்றே விற்றுத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.